எண்ணெய் உள்ள விளக்கு

ஆண்டின் கடைசி இரவு வரும்போதெல்லாம் என் மனம் பிரிக்பீல்ட்சுக்குத் திரும்பிவிடுகிறது. நான் இப்பொழுது கிள்ளானில் வாழ்கிறேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. முழங்கால் முன்போல ஒத்துழைப்பதில்லை. ஆயினும் டிசம்பர் 31ஆம் நாள் மாலையில் கிள்ளான் நிலையத்தில் மின்சார இரயிலேறி, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, என் பெற்றோர் வழிபட்ட ஆலயத்திற்கு நடந்து செல்லும் வழக்கத்தை இன்றளவும் விட்டேனில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பிறந்த கதை நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. இனி நகரைச் செங்கல்லால் எழுப்ப வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் நின்ற வெளியே பிரிக்பீல்ட்ஸ். 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. இரயிலோடு தமிழர் வந்தனர். தமிழரோடு அவர்தம் வழிபாடும் வந்தது. அதனாலேயே அச்சிறிய வட்டாரத்திற்குள் முருகன் கோயிலும், விவேகானந்த ஆசிரமமும், புத்த விகாரமும், சீயோன் லுத்தரன் ஆலயமும், பாத்திமா மாதா ஆலயமும், எங்கள் மெதடிஸ்டு ஆலயமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் அமைந்தன.

இன்று சென்ட்ரல் நிலையம் எழுந்துள்ள இடத்தில், அது 2001ஆம் ஆண்டில் திறக்கப்படுவதற்கு முன், சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய வெளி ஒன்று இருந்தது. அந்த வெளியிலேதான் என் தந்தையார் வேலை செய்தார். அவர் பெரிய உத்தியோகத்தர் அல்லர், விளக்குக்காரர். கைகாட்டி மரங்களில் ஏறி, அவற்றின் மேலிருக்கும் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்து, கண்ணாடியைத் துடைத்து, சுடரேற்றி வருவது அவர் தொழில். மழையானாலும் காற்றானாலும் அவர் ஏணி ஏறியாக வேண்டும்.

சிறுவனாக இருந்தபொழுது ஒருநாள் அவரோடு சென்று ஒரு கைகாட்டியை அண்ணாந்து பார்த்தேன். சிவப்புக் கண்ணாடி ஒன்றும் நீலக் கண்ணாடி ஒன்றும் இருந்தன. "பச்சை எங்கே அப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இராத்திரி வந்து பார். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். நீலத்துக்குப் பின்னால் மஞ்சள் எரிந்தால்தான் டிரைவர் கண்ணுக்குப் பச்சை" என்றார். பிறகு, நான் மறக்கவியலாத ஒரு விதியையும் சொன்னார். வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் இல்லாவிட்டால், அதைச் சிவப்பு என்றே கொள்ள வேண்டும். விளக்கு அணைந்திருக்கலாம், எண்ணெய் தீர்ந்திருக்கலாம், காரணம் எதுவாயினும் வண்டியை நிறுத்த வேண்டும். இருட்டைக் கண்டு 'தடையில்லை' என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. இஃது இரயில்வேயின் சட்டம்.

அச்சட்டத்திற்கும் ஆன்மிக வாழ்வுக்கும் உள்ள உறவை நான் உணர்ந்துகொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஆண்டிறுதி இரவில் விழித்திருந்து வழிபடும் மரபு மெதடிஸ்டு சபையாரிடம் தொன்றுதொட்டு உண்டு. அதன் வரலாறு சுவையானது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட் என்னும் ஊரில் நிலக்கரி வெட்டும் தொழிலாளர் பலர் இருந்தனர். வாரக் கூலியைக் கையில் வாங்கியதும் சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழிப்பது அவர்தம் வழக்கம். ஜான் வெஸ்லியின் போதனையைக் கேட்டு மனந்திரும்பியவர்கள், குடித்துக் கழித்த அதே இரவுகளை விழித்திருந்து செபிக்கும் இரவுகளாக மாற்றிக்கொண்டனர். வெஸ்லி அதனை ஏற்று வளர்த்தார். நாளடைவில் அவ்வழக்கம் ஆண்டின் கடைசி இரவோடு சிறப்பாக இணைந்தது. சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் குடும்பத்தின் அரிசிக்காசு கரைவதைக் கண்ட நம் தோட்டத்து மக்களுக்கு இந்த வரலாற்றை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விழிப்பு என்பது கற்றோர் வகுத்த தத்துவமாகப் பிறக்கவில்லை. கூலித் தொழிலாளர் தம் இரவைத் தாமே மீட்டுக்கொண்ட செயலாகப் பிறந்தது.

எங்கள் ஆலயத்தில் அந்த இரவு பதினொரு மணிக்கு வழிபாடு தொடங்கும். பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் எல்லாரும் முழந்தாளிடுவர். மணி அடிக்கும். அதே வேளையில் இரயில் வெளியில் நிற்கும் எஞ்சின்கள் யாவும் ஒருசேர ஊதும். சபையார் எழுந்து ஒருவர் கையை ஒருவர் பற்றி வாழ்த்துவர். பிள்ளைகள் கேக்கு இருக்கும் பக்கம் ஓடுவோம். என் தந்தையார் மட்டும் எழமாட்டார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், முழந்தாளிலேயே இருப்பார். நான் போய்த் தொட முயல்வேன். "அப்பாவை எழுப்பாதே" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுப்பார். அவர் எதற்காக அப்படி இருக்கிறார் என்று அம்மாவும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை.

அதனை அறிவதற்கு நான் முதலில் ஒரு குற்றம் செய்ய வேண்டியிருந்தது.

1990களின் நடுப்பகுதி நம் நாட்டிற்குச் செழிப்பான காலம். கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கு நோக்கினும் கட்டடங்கள் எழுந்தன. பணம் வேகமாகப் பெருகும் என்னும் நம்பிக்கை காற்றிலே கலந்திருந்தது. அக்காலத்தில் எங்கள் வட்டாரத்துச் செபக்குழுவுக்கு ஒருவர் வரத் தொடங்கினார். உருக்கமாகச் செபிப்பார். வசனங்கள் அவர் நாவில் நடமாடும். சில மாதங்களுக்குப் பின் ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். மாதம் நூற்றுக்குப் பத்து வெள்ளி கிடைக்கும் என்றார். நானும் என் சேமிப்பிலிருந்து ஒரு தொகை போட்டேன். முதல் இரண்டு மாதம் பணம் சரியாக வந்தது.

என் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தியின் தாயார், கணவரை இழந்தவர், ஒருநாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். கணவரின் ஊழியர் சேமநிதிப் பணம் 12,000 வெள்ளி அவர் கையில் இருந்தது. "நீங்களும் போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க. நானும் போடலாமா சார்?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பொழுதே என் உள்ளத்தின் ஒரு மூலையில் ஐயம் இருந்தது. கணக்குக் கேட்டால் அம்மனிதர் வசனம் சொன்னார். பணம் எத்தொழிலில் இடப்படுகிறது என்று வினவினால், நம்பிக்கையில்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் இல்லை. ஆயினும், எனக்கு வந்த இரண்டு மாதப் பணம் என் வாயை அடைத்திருந்தது. "போடலாம் அக்கா, நல்ல மனுஷர்தான்" என்றேன்.

ஏழு மாதத்தில் அந்த அலுவலகம் மூடப்பட்டது. அம்மனிதரைப் பிறகு யாரும் காணவில்லை. அந்த அம்மையார் என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. பள்ளி வாசலில் என்னைக் காணும்போது, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று முன்போலவே கேட்டார். வசவைத் தாங்கிவிடலாம், அந்த நலவிசாரிப்பை என்னால் தாங்க இயலவில்லை. இரண்டு ஆண்டுகளில், என் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாக அவர் இழந்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவர் இல்லை.

1996ஆம் ஆண்டின் இறுதி இரவில், வழிபாட்டுக்குப் புறப்படுமுன், இதனைத் தந்தையாரிடம் சொன்னேன். அவருக்கு அப்பொழுது எண்பதை நெருங்கும் வயது. நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு தம் தம்பியைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒரு சிற்றப்பா எனக்கு இருந்தார் என்பதையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

1943ஆம் ஆண்டு. ஜப்பானியர் ஆட்சி. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே உணவு. கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் என் சிற்றப்பா பால்வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய பாலை வாங்குவார் இல்லாமல் தோட்டமே பட்டினி கிடந்தது. அந்நேரத்தில் சயாமில் இரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, உணவும் இருப்பிடமும் இலவசம் என்று வாக்குறுதி அளித்தார்கள். சிற்றப்பா பிரிக்பீல்ட்சுக்கு நடந்தே வந்து, அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, போகலாமா?" என்று கேட்டார்.

"மூணு மாசந்தானே, போயிட்டு வா" என்றார் என் தந்தையார்.

சிற்றப்பா திரும்பவில்லை.

சயாம் மரண இரயிலின் வரலாற்றை நம் எழுத்தாளர் ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி முதலியோர் நாவல்களாக வடித்துள்ளனர். நான் இங்கே சில செய்திகளை மட்டும் நினைவூட்டுகிறேன். சயாமையும் பர்மாவையும் இணைத்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் அதனை முடித்தார்கள். மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் பல்லாயிரவரைக் கொன்றன. விருப்பத்தோடு வருவார் குறைந்தபின், இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவை அடைத்து, வந்தவர்களை அப்படியே வண்டியேற்றிய கொடுமையும் நடந்தது.

என் தந்தையாரின் வேதனை தம்பிக்கு விடை கொடுத்ததோடு நிற்கவில்லை. தோட்டங்களிலிருந்து திரட்டப்பட்டவர்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி வடக்கே அனுப்பிய வண்டிகள் அந்த வெளியைக் கடந்து சென்றன. அந்த வண்டிகளுக்கும் கைகாட்டி விளக்கை அவரே ஏற்றினார். "எந்த இராத்திரி அவன் போனான்னு எனக்குத் தெரியாது. எல்லா இராத்திரியும் நான்தான் பச்சை காட்டினேன்" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "போனவன் ஒருத்தன்கூடக் கடிதாசி போடலையே என்று அப்பவே ஒரு எண்ணம் வந்தது. வெளிச்சம் இல்லை. நான் சிவப்புன்னு எடுத்துக்கலை" என்றார்.

அன்றிரவு மணி அடித்தபின் நானும் அவர் பக்கத்தில் முழந்தாளில் இருந்தேன். அவர் 1999ஆம் ஆண்டில் மறைந்தார். அந்த ஐந்து நிமிடத்தை அவரிடமிருந்து நான் மரபுரிமையாகப் பெற்றேன்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் உள்ளத்தில் வைத்துக்கொண்டு திருமறையைப் படிக்கும்போது, முன்பு கவனியாத செய்திகள் கண்ணில் படலாயின. கெத்செமனேத் தோட்டத்தில் இயேசுபெருமான் விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்ட சீடர்கள் உறங்கிவிட்டனர். சோம்பலால் உறங்கினர் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். லூக்கா வேறு காரணம் கூறுகிறார்: அவர்கள் துயரத்தினால் உறங்கினர். துயரமும் மனிதனை உறங்கச் செய்யும். 1943இல் நம் மக்களைக் கவிழ்த்தது அந்த உறக்கமே. வயிறு எரியும்போது, எதிரே நீட்டப்படும் கை எத்தகையது என்று ஆராயும் வலிமை குன்றிவிடுகிறது.

திருவள்ளுவரோ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். பொருட்பாலில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, மிகுந்த மகிழ்ச்சியால் வரும் மறதி அளவிறந்த சினத்தைக் காட்டிலும் தீயது என்று அதன் தொடக்கத்திலேயே உணர்த்துகிறார். 1990களில் என்னைக் கவிழ்த்தது இந்த மறதி. தந்தையார் துயரத்தில் உறங்கினார். நான் மகிழ்ச்சியில் உறங்கினேன். அவர் கண்ணைப் பசி மூடியது. என் கண்ணை ஆதாயம் மூடியது. இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் என் குற்றமே பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை.

விழித்திருத்தல் என்பது உறங்காதிருத்தல்தானா? மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை மாணவர் பலர் அறிவர். மணவாளன் வரத் தாமதித்தபோது புத்தியுள்ள ஐவர் விழித்திருந்தனர், புத்தியில்லாத ஐவர் உறங்கினர் என்றே பலர் சொல்வர். உவமை அப்படிக் கூறவில்லை. பத்துப் பேரும் உறங்கினர். நடு இரவில் கூக்குரல் கேட்டுப் பத்துப் பேரும் எழுந்தனர். வேறுபாடு எண்ணெயில் இருந்தது. ஐவர் எண்ணெயை முன்னதாகவே சேர்த்து வைத்திருந்தனர். அதனைக் கடைசி நேரத்தில் மற்றவர்க்குப் பகிர்ந்து கொடுக்க அவர்களால் இயலவில்லை. சிறுவயதில் இது கஞ்சத்தனமாக எனக்குத் தோன்றியது. இப்பொழுது அதன் உண்மை விளங்குகிறது. பகுத்துணரும் ஆற்றல் ஒருவர் மற்றொருவர்க்கு நடு இரவில் ஊற்றிக் கொடுக்கக்கூடிய பொருளன்று. நாள்தோறும் கேட்டு, ஆராய்ந்து, செபித்துச் சேர்க்க வேண்டியது அது.

எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயர்க்கு எழுதினார். ஆவி பேசுகிறது என்பதற்காக எல்லா ஆவியையும் நம்பிவிட வேண்டாம் என்று யோவான் எச்சரித்தார். சோதிப்பது நம்பிக்கைக் குறைவு என்று நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. என்னை ஏமாற்றியவர் அந்த எண்ணத்தைத்தான் பயன்படுத்தினார். கேள்வி கேட்பதைப் பாவமாக்கும் பக்தி, இருட்டில் வண்டியை ஓட்டச் சொல்லும் பக்தியாகும்.

ஆனால், எதையும் நம்பாதிருப்பதும் பகுத்துணர்வு ஆகாது. 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடும் வேலையும் இழக்கும் ஆபத்து இருந்தது. தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவது அவர் திட்டம். என் தாய்மாமன் அதில் சேர்ந்தார். தோட்டத்தில் சிலர் அவரைக் கேலி செய்தனராம். மாமன் சொன்ன காரணம் எளியது: "இரசீது கொடுக்கிறாங்க. எந்தத் தோட்டத்தை வாங்கினாங்கன்னு சொல்றாங்க. போய்ப் பார்க்கலாம்." எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே அறிந்த என் மாமனுக்கு இருந்த தெளிவு, பட்டம் பெற்ற எனக்கு இல்லாமற் போயிற்று. அவர் விளக்கைத் தேடினார். விளக்கு எரிவதைக் கண்டபின் முன்சென்றார்.

என் ஆசிரிய நண்பர் ஒருவர் கத்தோலிக்கர். கிள்ளான் லூர்து மாதா ஆலயத்தைச் சேர்ந்தவர். அவர் எனக்குப் புனித இஞ்ஞாசியாரின் வரலாற்றைச் சொன்னார். 1521ஆம் ஆண்டில் பம்பலோனாப் போரில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்த அந்த வீரர், பொழுதைப் போக்க எண்ணினார். வீரப் புகழையும் மாளிகை வாழ்வையும் பற்றி நினைத்தபோது இன்பமாக இருந்தது. ஆனால் அந்நினைவு நீங்கியபின் உள்ளம் வறண்டது. கிறிஸ்துவின் வரலாற்றையும் அடியார் வாழ்வையும் படித்து எண்ணியபோதும் இன்பமாக இருந்தது. அந்நினைவு நீங்கியபின்னும் இன்பம் தங்கிற்று. இந்த வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியே, ஆவிகளைப் பகுத்துணரும் நெறியை அவர் பிற்காலத்தில் வகுத்தார். இரண்டு மாதப் பணம் வந்தபோது எனக்கும் மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு இரவில் நிம்மதியாக உறங்கினேனா? இல்லை. அந்த நிம்மதியின்மையே எனக்குக் காட்டப்பட்ட சிவப்பு.

தனிமனிதர் உறங்குவதுபோல ஒரு சபை முழுவதும் உறங்கிவிடுவதும் உண்டு. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சியைத் திருச்சபையாருள் பலர் வரவேற்றனர். அதனை ஏற்க மறுத்தவர்கள் 1934ஆம் ஆண்டு மே மாதம் பார்மன் நகரில் கூடித் தங்கள் அறிக்கையை வெளியிட்டனர். அவ்வணியைச் சேர்ந்த இளம் போதகர் டீட்ரிக் போன்ஹோபர், 1942ஆம் ஆண்டின் இறுதியில், கடந்துபோன பத்து ஆண்டுகளை எண்ணிப் பார்த்துத் தம் நண்பர்களுக்கு ஒரு கட்டுரை எழுதினார். தீமையைக் கண்டும் வாய்மூடி இருந்தவர்களுள் தம்மையும் சேர்த்தே எண்ணினார். 1943 ஏப்ரலில் சிறைப்பட்டார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவர் சிறை புகுந்த அதே ஆண்டில், உலகின் இந்த மூலையில் என் சிற்றப்பா சரக்குப் பெட்டியில் ஏறினார். அவ்வளவு எதிர்த்தவரே தம்மைக் குற்றவாளிகளோடு நிறுத்திக்கொண்டார் என்பதை எண்ணும்போது, என் தந்தையார் முழந்தாளிலிருந்து எழாத காரணம் எனக்கு மேலும் விளங்குகிறது. காவற்காரன் வாளைக் கண்டும் எக்காளம் ஊதாவிட்டால், மாண்டவரின் இரத்தப்பழி அவனைச் சேரும் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி உரைத்தார். என் தந்தையார் அந்த அதிகாரத்தை ஆலயத்தில் யாரேனும் வாசித்தால் தலை நிமிரமாட்டார்.

இனி, அண்மைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

2022ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழிபாடு முடிந்ததும் என் பழைய மாணவி ஒருத்தி தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். பையனுக்கு வயது இருபத்தொன்று. பெருந்தொற்றுக் காலத்தில் வேலை இழந்தவன். கம்போடியாவில் கணினி முன் அமர்ந்து வாடிக்கையாளர்க்குப் பதில் சொல்லும் வேலையாம். மாதம் 8,000 வெள்ளியாம். விமானச் சீட்டும் தங்குமிடமும் இலவசமாம். கைப்பேசியில் அறிமுகமான ஒருவர் ஏற்பாடு செய்கிறாராம். "நாலு நாளில் கிளம்பணும். போகலாமா சார்?" என்று கேட்டான்.

அக்கேள்வி என்னை நடுங்கச் செய்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரின் வாசலில் கேட்ட கேள்வி. என் பள்ளி வாசலில் கேட்ட கேள்வி. மூன்றாம் முறையாகவும் கேட்கிறது. இலவசப் பயணம், இலவச இருப்பிடம், கைநிறையக் கூலி. சொற்களும் மாறவில்லை.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனை உட்கார வைத்து நான்கு வினாக்கள் கேட்டேன். நிறுவனத்தின் பெயர் என்ன? ஒப்பந்தம் எங்கே? போய்த் திரும்பி வந்த ஒருவரோடு நீ பேசியிருக்கிறாயா? இதனை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று யாரேனும் சொன்னார்களா? முதல் மூன்றுக்கும் அவனிடம் விடை இல்லை. நான்காவதற்கு அவன் தாயைப் பார்த்தான், பிறகு தலைகுனிந்தான். "அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுக்குச் சொல்லலாம்னு சொன்னாங்க" என்றான். முந்திய இரவு கடப்பிதழைக் காண நேர்ந்ததால்தான் தாய்க்கே செய்தி தெரிந்திருந்தது.

அப்பொழுது என் சிற்றப்பாவின் கதையைச் சொன்னேன். கைகாட்டிச் சட்டத்தையும் சொன்னேன். அவன் சினந்தான். "உங்க காலம் வேற சார்" என்று சொல்லி எழுந்து போனான். ஆயினும் தாய் கடப்பிதழை அவனிடம் கொடுக்கவில்லை. அவன் போகவில்லை. ஆலயத்திற்கு வருவதையும் நிறுத்திவிட்டான். என்னால் ஓர் இளைஞன் ஆண்டவர் வீட்டை விட்டு நீங்கினானோ என்று நான் பல இரவுகள் கலங்கினேன்.

அவ்வாண்டில் கம்போடியாவிலும் மியன்மாரிலும் லாவோசிலும் வேலை மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்ட மலேசியர்களை மீட்கும் செய்திகள் நாளேடுகளில் தொடர்ந்து வந்தன. கடப்பிதழ் பறிக்கப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டு, அடிபட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். அச்செய்திகளைப் படிக்கையில் 'நான் வென்றேன்' என்னும் எண்ணம் எனக்கு எழவில்லை. அக்கட்டடங்களில் அடைபட்டவர்களும் போகுமுன் யாரேனும் ஒருவரிடம் "போகலாமா?" என்று கேட்டிருப்பார்கள் என்ற எண்ணமே எழுந்தது.

ஆசிரியத் தோழர்களே! நம்மிடம் இக்கேள்வி வரும். கடனைப் பற்றி, வேலையைப் பற்றி, நண்பர் குழுவைப் பற்றி, காதலைப் பற்றி, ஏதோ ஓர் உருவில் வந்துகொண்டே இருக்கும். வாசலில் நின்று கேட்பவன், நம்மை நம்பிக் கேட்கிறான். நாம் களைத்திருக்கலாம், நமக்கும் அதில் ஆதாயம் இருக்கலாம், "போய் வா" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த நேரத்தில் எண்ணெய் தேடிக் கடைக்கு ஓட முடியாது. மாணவர்களே! வினவுவதை வெட்கமாகக் கருதாதீர்கள். உங்களை அழைப்பவன் நல்லவனாயின் உங்கள் கேள்விகளுக்கு மகிழ்ந்து விடை தருவான். கேள்வியைக் கண்டு சினப்பவனிடம் விளக்கு இல்லை.

அவ்வாண்டின் இறுதி இரவிலும் நான் வழக்கம்போல் பிரிக்பீல்ட்சுக்குச் சென்றேன். எஞ்சின்களின் ஊதல் இன்று இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிய கைகாட்டிகளும் இல்லை. மணி மட்டும் அடித்தது. மற்றவர் எழுந்தனர். நான் முழந்தாளிலேயே இருந்தேன். சிற்றப்பாவையும், அந்த அம்மையாரையும், கம்போடியாவில் அடைபட்டுக் கிடந்த பெயரறியாத பிள்ளைகளையும் நினைத்தேன். எழ முயன்றபோது முழங்கால் மடங்கிக்கொண்டது. ஒரு கை வந்து என் தோளைத் தாங்கியது. அந்தப் பையன்தான். எப்பொழுது வந்தான், எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்பது தெரியாது.

"மெதுவா சார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கோலக் கிள்ளான் துறைமுகத்தில் லாரி உதவியாளாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகப் பிறகு அவன் தாய் சொன்னாள். சம்பளம் குறைவுதான், ஆனால் இரவில் வீட்டுக்கு வந்துவிடுகிறான்.